பாண்டிச்செல்வியின் முன்கதை

எங்கள் கொட்டகையில் ஓடிய படங்களில் பாதிக்கு மேல் பாண்டிச்செல்வி பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு படத்தையும் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேரே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “கல்யாண வீட்டுக்குப் போனா தாலி கெட்டுத வரைக்கும்தானே இருக்கோம் மாமி. அதுக்கப்புறம் அவுக எப்படிக் குடும்பம் நடத்துதாகன்னு கூடவே போயா பாக்கோம்?” என்பாள். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் இந்த மட்டாஞ்சேரியில் கிடையாது. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

கொட்டகை என்று நான் சொல்வது, கொச்சியின் பஜார் ரோட்டில் ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு. என் அண்ணன் பிள்ளை சுதீர் அதை வாடகைக்குப் பிடித்தான். ஆலுவாவில் மூடிப்போன தியேட்டர் ஒன்றின் நாற்காலிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். பெரிய தியேட்டர்கள் சீந்தாத படங்களாகப் பார்த்துப் போட ஆரம்பித்தான். இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். மற்றவர்கள் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள், நான் டிக்கெட் கவுண்டரில் போய் உட்கார்ந்துவிட்டேன். தபாலாபீஸ் கவுண்டரில் ஆயுசில் பாதியைக் கழித்தவளுக்கு, ரிட்டயரான பிறகு மனிதர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி இருக்கிறது. என் கணவர் அனந்தநாராயணனுக்கு இதில் பரம திருப்தி. அவருடைய மத்தியானத் தூக்கத்தைக் கலைக்க ஆளில்லை.

கவுண்டரில் எனக்கு டிக்கெட்டோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. பெல். என் மேஜையில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அழுத்தினால் மாடியறையில் சுதீருக்குக் கேட்கும், உடனே விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டுவான். படம் எந்த நாட்டுடையதாக இருந்தாலும் என் விரல் அசையாமல் ஓடாது. இந்த வயதில் இப்படி ஓர் அதிகாரம் யாருக்குக் கிடைக்கும்?

மழைக்காலத்தில் ஊமைப் படம் போட்டுக் குஜராத்தித் தெருப் பெரியவர் ஒருவரை ஹார்மோனியம் வாசிக்க வைப்போம். சில நாட்களில் படம் எடுத்தவரையே வரவழைத்து, படம் முடிந்ததும் பேச வைப்போம். ஆனால் கொட்டகையின் உயிர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் காட்சிதான். டிக்கெட் மலிவு. கட்டட வேலைக்காரர்கள், ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், சந்தையில் காய் விற்கிறவர்கள், தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துத் தமிழர்கள்.

பாண்டிச்செல்வியும் அந்த ஷெட்டிலிருந்துதான் வந்தாள். மாயம்மாள் என்ற மூத்த தொழிலாளியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வந்தவள், உட்காரப் போன இடத்தில் கடலைத் தொலியும் காகிதமுமாகக் கிடப்பதைப் பார்த்தாள். நேரே என்னிடம் வந்து விளக்குமாறு கேட்டாள். “எதுக்கு?” என்றேன். “இந்தக் குப்பையில எப்படி மாமி உக்காந்து அழுவ?” என்றாள். அன்றைக்குப் போட்டது சிரிப்புப் படம். அதைச் சொன்னதும், “சிரிக்கதுக்கும் எடம் சுத்தமா இருக்கணும்லா?” என்று சொல்லிவிட்டு, தன் வரிசையை மட்டுமல்லாமல் முன்வரிசை இரண்டையும் கூட்டி முடித்துத்தான் உட்கார்ந்தாள். அடுத்த வாரமே சுதீர் அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டான். கூட்டுவது, துடைப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, இடைவேளைக்குச் சாயா போடுவது எல்லாம் அவள்தான். சாயாவுக்காகத்தான் எந்தப் படத்திலும் நடுவில் எழுந்து போய்விடுவாள். அப்புறம் கிளாஸ் கழுவவே நேரம் சரியாகிவிடும்.

ஷெட்டுப் பெண்கள் என்றைக்கும் நேரத்துக்கு வரமாட்டார்கள். வேலை முடிவதே தாமதம். அதன்பிறகு அறைக்குப் போய் எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்துக் குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். ஒரு தடவை குளிக்காமல் ஓடிவந்தபோது பக்கத்தில் இருந்த ஓர் ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு நாற்காலிக்கு மாறினானாம். “படம் கொஞ்சம் போனாலும் போகட்டும், மானம் போவப்பிடாது” என்று மாயம்மாள் அன்றே முடிவு செய்துவிட்டாள். எனக்கு அந்த ஆள் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அவனுக்கு டிக்கெட் கொடுத்திருக்கமாட்டேன்.

எங்கள் கொட்டகையின் வாசலில் வெளிச்சம் உள்ளே போகாமலிருக்க இரண்டு கறுப்புத் திரைகள் தொங்கும். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பேர் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து. தாமதமாக வருகிறவர்களைப் பாண்டிச்செல்வி அந்தச் சந்தில் சேர்த்து நிறுத்தி, அதுவரை ஓடிய கதையைக் கிசுகிசுவென்று சொல்லித்தான் உள்ளே விடுவாள். இதற்கு முன்கதை என்று பெயர். அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிறு காலையில் சுதீர் படமும் சத்தமும் சரியாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவள் தரை துடைத்துக்கொண்டிருப்பாள். துடைக்கும்போது நிமிர்கிற நேரத்தில் பார்த்ததுதான் கதை. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்து அவளுக்கு எறும்பு வரிசை. குனிந்திருந்தபோது நடந்ததையெல்லாம் தானே நிரப்பிக்கொள்வாள்.

அயல்நாட்டுப் பெயர் வாயில் நுழையாது என்று எல்லோருக்கும் பெயரும் வைத்துவிடுவாள். பாரிஸ் நகரத்துப் பெண்ணுக்கு ராசாத்தி, ஜப்பான் கிழவருக்குச் சுடலைமணி. “ராசாத்தி நல்ல பிள்ளதான். ஆனா அந்த நெட்டையன நம்பி மோசம்போவப் போறா. அவன் முழியே சரியில்ல” என்று அவள் ஆரம்பித்தால், எனக்கே கவுண்டரை விட்டு எழுந்து போய்ப் படம் பார்க்க வேண்டும் போலிருக்கும். அவள் சொல்வது சரியா தப்பா என்று நான் என்றைக்கும் சோதித்ததில்லை. ருசியாக இருந்தது, போதாதா?

பந்திக்கு முந்து என்பார்கள். எங்கள் கொட்டகையிலோ பிந்தியவர்களுக்குத்தான் விருந்து. இது தெரிந்துபோய், நேரத்துக்கு வரக்கூடியவர்களும் வேண்டுமென்றே தாமதிக்க ஆரம்பித்தார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எதிர்க் கடையில் நின்று சாயா குடித்து, பெல் அடித்த பிறகு சந்துக்குள் நுழைவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதீர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“அத்தே, டிக்கெட் பூரா வித்தாச்சுங்கறே. உள்ளே ஈ காக்கா இல்லையே?”

“ஈ காக்கையெல்லாம் அந்தத் திரைக்குள்ளே கதை கேட்டுண்டிருக்கு, போய்ப் பாரு” என்றேன்.

அவன் பார்த்தான். பார்த்தபிறகு அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நேரத்துக்கு வந்து உட்கார்ந்த சிலர், படம் நடக்கும்போது இருட்டில் ஆட்கள் காலை மிதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று முன்பே அவனிடம் குறைசொல்லியிருந்தார்கள். அது நியாயமான குறைதான். ஒரு மாதம் யோசித்து, படம் ஆரம்பித்த பிறகு கதவைப் பூட்டிவிடுவது என்று சுதீர் தீர்மானித்தான்.

“ஒருத்தன் நாலு வருஷம் உயிரைக் கொடுத்து எடுக்கற படம் அத்தே. அதை முதல்லேயிருந்து பாக்கறதுதானே மரியாதை?” என்றான்.

“ஷெட்டுப் பொண்களுக்கு வேலை முடியறதே ரெண்டு மணிக்கு மேலேடா.”

“அப்போ நான் என்ன பண்ணட்டும்? அடுத்த காட்சி இருக்கே, தள்ளிவைக்க முடியுமா?”

பாண்டிச்செல்வி கேட்டுக்கொண்டு நின்றாள். சாதாரணமாக இந்நேரம் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பாள். அன்று துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“தம்பி, ஞாயித்துக்கிழமகூட லீவு இல்லாம ஐஸுக்குள்ள கைய விட்டுக்கிட்டு நிக்கிற பிள்ளைக. இந்த ஒரு வாசலையும் அடைச்சிட்டா அதுக எங்க போவும்? எனக்கு ஒரே ஒரு வாட்டி குடுங்க. சத்தமே இல்லாம கூட்டிட்டு வந்து உக்கார வைக்கேன். ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா நீங்க அடைச்சிருங்க. நான் வாயத் தொறக்கல.”

சுதீர் கல்நெஞ்சுக்காரன் இல்லை. அடுத்த ஞாயிறு லடாக்கிலிருந்து ஒரு படமும் அதை எடுத்த பெண்ணும் வருகிறார்கள், அன்றைக்குப் பார்ப்போம் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை. பாண்டிச்செல்வி அன்று சாயா போடப் போகக்கூடாது. அவர்களோடு கடைசி வரிசையில் முடிவுவரை உட்கார்ந்து, யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் அவளுடைய புருஷனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் பெயர் இசக்கிமுத்து. கான்கிரீட் வேலை. கெட்டும் பட்டணம் சேர் என்று கல்யாணமான புதிதில் அவளைக் கொச்சிக்கு அழைத்துவந்தவன். மகள் மகா பால்குடி மறக்காத வயதில், மங்களூர்ப் பக்கம் பெரிய வேலை, முடிந்ததும் வருகிறேன் என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறிப் போனான். போனவன் போனவன்தான். அங்கே வேறொருத்தியும் பிள்ளைகளும் இருப்பதாக யார் யாரோ சொன்னார்கள். அவன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. இப்போது மகா ஆலுவாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாண்டிச்செல்வி அவனைத் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது கேட்டால், “அவுக வேற ஊர்ல வேலையா இருக்காக” என்று பேச்சை முடித்துவிடுவாள். என்னிடம் ஒரே ஒரு தடவை, சாயா ஆற்றிக்கொண்டே, “வேணாம்னா வேணாம்னு வந்து சொல்லிட்டுப் போயிருக்கலாம் மாமி” என்றாள். அவன் கையில் கிடைத்திருந்தால் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

அந்த ஞாயிறு காலை சுதீர் லடாக் படத்தை ஓட்டிப் பார்த்தான். நான் பூ வைத்த பாத்திரத்துக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். பாண்டிச்செல்வி துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொட்டை மலை, கல்வீடு, ஆடுகள். ஓர் இளைஞன் ஒரு பையில் துணிகளை வைக்கிறான். ஓர் இளம்பெண் அவனுக்கு ரொட்டி கட்டிக் கொடுக்கிறாள். லாரி வந்து நிற்கிறது. அவன் ஏறிப் போகிறான். அவள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வழியில் நிற்கிறாள். அவ்வளவுதான் ஓடியது. பாண்டிச்செல்வி மறுபடி குனிந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

மத்தியானம் படம் எடுத்த பெண் வந்தாள். ஸ்டான்ஜின் என்று பெயர், சின்னப் பெண். கொச்சி வெயிலில் முகம் சிவந்துபோய், பாண்டிச்செல்வி கொடுத்த மோரை மூன்று தடவை வாங்கிக் குடித்தாள். நேரத்துக்கு பெல் அடித்தேன். கால் மணி கழித்து ஷெட்டுப் பெண்கள் சோப்பு வாசனையோடு வந்து சந்தில் நின்றார்கள். திரைக்குப் பக்கத்தில்தான் என் கவுண்டர். முன்கதை எனக்கு நன்றாகக் கேட்டது.

“இவ பேரு பேச்சியம்மா. நல்ல உழைப்பாளி. அவ புருஷன் மாரியப்பன். வீட்டுல கஷ்டம். வேலைக்குப் போறேன்னு பையத் தூக்கிட்டு லாரியில ஏறிட்டான். திரும்பிப் பாக்கவே இல்ல. இவ ஆட்டப் பிடிச்சிக்கிட்டு நிக்கா. அவ்வளவுதான். இனி வாயப் பொத்திக்கிட்டு உள்ள போங்க. யாராவது தும்முனீயன்னா கூட வாசலப் பூட்டிருவாக, சொல்லிட்டேன்.”

ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடாமல் அத்தனை பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சுதீர் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, என்னிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். சாயா அன்று என் பொறுப்பு. அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, நானும் திரையை விலக்கி உள்ளே போய் ஓரமாக நின்றுகொண்டேன்.

நிதானமான படம். பனி விழுகிறது, உருகுகிறது. பேச்சு குறைவு. அந்தப் பெண் ஆடு மேய்க்கிறாள், தாயாருக்குக் கால் பிடித்துவிடுகிறாள், யாரோ வருவார்கள் என்று வழியைப் பார்க்கிறாள். அப்புறம் அவளுக்கும் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் பத்துப் பெண்களும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாயம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்திருந்தாள். புருஷன் உயிரோடு இருக்கையில் இன்னொருத்தனா? ஆனாலும் சத்தம் வரவில்லை. வாக்கு வாக்குதான்.

கல்யாண நாள். மேளம் கொட்டுகிறார்கள். அந்த லாரியில் போனவன் அப்போது வாசலில் வந்து நிற்கிறான். தலை மொட்டை. சிவப்பு ஆடை. கூட்டம் விலகி வழிவிடுகிறது. அவன் அவள் எதிரில் வந்து, பையிலிருந்து நீளமான வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து, அவள் கழுத்தில் போடுகிறான். அவள் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறாள்.

நம் பெண்களுக்கு மொட்டை என்றால் வேண்டுதல். வெள்ளைத் துணி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நான் செத்துவிட்டதாக நினைத்துக்கொள், நீ உன் வழியைப் பார் என்று புருஷனே வந்து சொல்கிறான் என்றுதான் அந்த வரிசைக்குப் பட்டது.

“பாத்தியளாட்டி!” என்று ஒரு குரல் கொட்டகையே அதிரக் கேட்டது. “வந்து சொல்லிட்டுல்லா போறான்! வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுல்லா போறான்!”

எழுந்து நின்று கத்தியது பாண்டிச்செல்விதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். அன்றைக்கு அந்தப் பழமொழி என் நெஞ்சில் கல் மாதிரி விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தேம்பித் தேம்பி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடுப்பில் சாயா பொங்கி வழிந்தது, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஸ்டான்ஜின் திரைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் இந்தியில் பேச, சுதீர் மலையாளத்திலும் தமிழிலும் மாற்றிச் சொன்னான். முதல் கேள்வி மாயம்மாளுடையது.

“மோளே, படம் நல்லாயிருக்கு. ஆனா ஒரு சம்சயம். மாரியப்பன் மொட்ட போட்டு வந்து வெள்ளத் துணி போட்டான்லா, அதுக்கப்புறம் அவன் எங்க போனான்? அவனுக்கும் ஒரு வழி காமிச்சிருக்கலாம்லா?”

சுதீர் விழித்தான். “மாரியப்பன் யாரு?” என்றான். கடைசி வரிசை மொத்தமும் ஒரே குரலில், “பேச்சியம்மா புருஷன்!” என்றது. சுதீர் ஸ்டான்ஜினிடம் எதையோ சொல்ல, அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டி மறுத்தாள். அவள் சொன்னதைச் சுதீர் சொன்னான். அவன் புருஷன் இல்லை. அவளுடைய அண்ணன். புத்த மடத்தில் துறவியாகச் சேரத்தான் லாரியில் போனான். தங்கை கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்தான். வெள்ளைத் துணி போடுவது அங்கே மங்கலம்.

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசைக்காரர்களும் சிரித்தார்கள், ஷெட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாயம்மாள் மட்டும், “அண்ணன்னு நீங்க மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மோளே” என்று படம் எடுத்தவளையே கோபித்துக்கொண்டாள்.

பாண்டிச்செல்வி எழுந்தாள். சிரிப்பு தானாக அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாந்தான் தப்பாச் சொன்னேன். இவளுக மேல குத்தம் இல்ல” என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னாள்.

“அண்ணனா? அப்படின்னா சரி. அண்ணன்னா வருவான்.”

சுதீர் அதை இந்தியில் சொல்லவில்லை. ஸ்டான்ஜின் என்னவென்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டான். என் அண்ணன் பிள்ளை அல்லவா?

எல்லோரும் போனபிறகு பாண்டிச்செல்வி அவனிடம் வந்தாள். “வாக்கு தப்பிட்டு தம்பி. வேற யாரும் இல்ல, நானே கத்திட்டேன். நீங்க சொன்னபடி கதவ அடைச்சிருங்க” என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்க நிற்காமல் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்ன சொல்லில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. நான் என்றால் நூறு சாக்குச் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மலையாளத்திலும் தமிழிலும், சுதீரின் கோணல் கையெழுத்து. ‘பெல் அடித்த பிறகு யாருக்கும் அனுமதி இல்லை.’ பாண்டிச்செல்வி அதைப் படிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அறிவிப்பை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணி ஆனது. தாண்டியது. உள்ளே இருந்தவர்கள் இருமினார்கள். எதிர்க் கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் குழம்பிப்போய் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மாடிப்படியில் சுதீர் வந்து நின்றான்.

“அத்தே, பெல்?”

“அடிக்கறேன்.”

“எப்போ?”

“ஆள் வரட்டும்.”

“அடுத்த காட்சி தள்ளிப்போயிடும்.”

“போகட்டும். விளம்பரம் போடறதைக் கொறை. சாயங்காலக் காட்சிக்கு முன்னாலே நீ பேசற பேச்சைக் கொறை. அதுலேயே கால் மணி மிஞ்சும்.”

அவன் கதவில் ஒட்டியிருந்த தன் எழுத்தையே ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு மாடிக்கு ஏறிப் போய்விட்டான். பெல் என்று அவன் தெரிந்துதான் எழுதினானா, தெரியாமல் எழுதினானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தோப்பும்படி பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் ஓடிவந்தார்கள். முன்னால் மாயம்மாள், ஈரத்தலையோடு. “கதவ அடைச்சாச்சா மாமி?” என்று மூச்சுவாங்கக் கேட்டாள்.

“நான் இன்னும் பெல் அடிக்கலை. ஓடு.”

பாண்டிச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மாமி, தம்பி ஏசுவாரு” என்றாள்.

“ஏசட்டும். அவன் அரை டிராயர் போட்ட நாள்லேயிருந்து எனக்குத் தெரியும். அவாளோட நீயும் உள்ளே போய் உட்காரு. இனிமே சாயா என் வேலை.”

“ஐயோ, நீங்க போடுத சாயாவா?” என்றாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை பாருங்கள்.

அவர்கள் உடனே உள்ளே போகவில்லை. படம் ஆரம்பிக்கவே இல்லை, முன்கதைக்கு அவசியமும் இல்லை. ஆனாலும் வழக்கம்போலச் சந்தில் வரிசையாக நின்றார்கள். “சொல்லு செல்வி” என்றாள் மாயம்மாள். காலையில் ஓடியதைத்தான் பாண்டிச்செல்வி பார்த்திருந்தாள். எந்த நாட்டுப் படமானாலும் ஆரம்பத்தில் யாராவது ஒருத்தன் கிளம்பிப் போய்விடுகிறான், அது என்ன வழக்கமோ.

“ஒருத்தன் பையத் தூக்கிட்டு ரயில்ல ஏறுதான்” என்று ஆரம்பித்தாள். “ஒரு பொம்பள வாசல்ல நிக்கா.”

“புருஷனாக்கா?” என்று ஒரு குரல் கேட்டது.

நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அது எனக்கு எப்படிட்டி தெரியும்?” என்றாள் பாண்டிச்செல்வி. “திரும்பி வாரானான்னு உள்ள போய்ப் பாப்போம். வாங்க.”

திரை விலகி மூடும் சத்தம் கேட்டது. கடைசி வரிசையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நான் பெல்லை அழுத்தினேன்.